19 வயதில் கையில் குழந்தை: முதல் நாற்பது நாளைச் சமாளிப்பது எப்படி

போன வருஷம் வரைக்கும் வயிறு வலித்தால் அம்மா மடியில் போய்ச் சுருண்டுகொண்டவள் நீ, இப்போது உன் மடியில் ஒன்று கிடந்து அழுகிறது. நானும் 19-ல்தான் பெற்றேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய் வைக்க விடு. சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமே கொஞ்சம்தான் வரும். "பாலே ஊறலையே" என்று சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு அத்தை வருவார். சண்டை போடாதே. "நர்ஸம்மா திட்டுவாங்க அத்தை" என்று பழியை அங்கே தள்ளிவிடு, எனக்கு ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; தண்ணீரும் வேண்டாம், வசம்பும் வேண்டாம்.

காம்பு வெடித்து உயிர் போகிறதா? பெரும்பாலும் குழந்தை பிடிக்கும் விதம்தான் தப்பு. காம்பை மட்டும் வாயில் திணிக்காமல், அது ஆவென்று திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் முடிந்தவரை உள்ளே போகிற மாதிரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொள். அதன் தாடை மார்பில் முட்ட வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். சரியாக வரவில்லையென்றால் வாய் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வை. ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம், யார் என்ன சொன்னாலும்.

பத்தியம் என்று பூண்டுக் குழம்பு வைத்தால் நன்றாகச் சாப்பிடு. "தண்ணி குடிக்காதே" என்பதை மட்டும் காதில் வாங்காதே. இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும், டீயோடு சேர்த்துப் போடாதே.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், கண் மங்கித் தலை வெடித்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், விடியட்டும் என்று உட்காராமல் 108-க்குப் போன் போடு.

அப்புறம் அழுகை. மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் உனக்குப் பொத்துக்கொண்டு வரும், அது தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல், அது தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வராமல் இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். செத்துவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் பார்க்காதே, அப்போதே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போனால் போ, ஆனால் அதோடு விட்டுவிடாதே.

பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்று நம்பி ஏமாறாதே, அடுத்ததற்கு இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும், கருப்பையில் வைக்கிற கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பற்றி ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடு. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைப் பத்திரமாக வை, பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

கல்லூரியில் டி.சி. மட்டும் வாங்கிவிடாதே. ஒரு வருஷம் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர வழி இருக்கிறதா என்று முதல்வரிடம் கேள், எழுதியே கொடு. நான் வீட்டுப் பேச்சைக் கேட்டு டி.சி. வாங்கினேன், அஞ்சல் வழியில் அதே டிகிரியை முடிக்க ஆறு வருஷம் ஆனது.