மொட்டை மாடியில் சணப்பை: ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் மண் தேறும்

இரண்டு வருடம் விடாமல் கத்தரியும் வெண்டையும் வைத்ததில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடித்தொட்டி மண் கட்டி தட்டிப்போனது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். அதைத் தேற்றியது சணப்பை. வயலில் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுவார்களே, அதே பசுந்தாள் உரப் பயிர்தான். தண்டின் நாரில் கயிறும் திரிக்கலாம்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘சன் ஹெம்ப்’. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கஞ்சாச் செடிக்கும் இதற்கும் உறவே கிடையாது, இது பயறு குடும்பம். கஞ்சா இனத்து நார்ச்செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அதை வீட்டில் முயலவே வேண்டாம்.

முதலில் தொட்டி. காசிமேட்டில் மீன் வைக்கும் பழைய தெர்மாகோல் பெட்டி போதும், மாடிக்குப் பாரமும் இல்லை. உப்பும் கவிச்சியும் போக நன்றாகக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். ஓட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம், வேரில் தண்ணீர் தேங்கினால் சணப்பை தாங்காது. பழைய தொட்டி மண்ணை உடைத்து அப்படியே நிரப்புங்கள். எருகூடத் தேவையில்லை.

விதைக் கடையில் ‘பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை’ என்று தெளிவாகக் கேளுங்கள், தக்கைப்பூண்டு வேறு. ரைசோபியம் (பயறு வகைச் செடிகளின் வேரில் தங்கும் நுண்ணுயிர் உரம்) கிடைத்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பிசறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். இரண்டடி நீளப் பெட்டிக்கு 25 முதல் 30 விதை, ஒரு விரற்கடை ஆழம். நாலைந்து நாளில் முளைக்கும்.

அப்புறம் பெரிய வேலை இல்லை. ஆனால் கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும், அதை ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு ஏறும். மெட்ரோ தண்ணீரையோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரையோ அளவாக விடுங்கள். கம்பளிப்புழு வந்தால் கையால் எடுத்துப் போடுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் தெரிந்தால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். முதல் முறை இதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் மாடிக்கு இழுத்துவந்து காட்டினேன்.

சுமார் 45 நாளில் மொட்டு வரும். அதுதான் வெட்ட வேண்டிய நேரம். மஞ்சள் பூ அழகாக இருக்கிறதே என்று விட்டால் தண்டு நாரேறி, மட்குவதற்கு நாளாகும். அடியோடு வெட்டி, விரல் நீளத்துக்கு நறுக்கி, அதே மண்ணில் புதைத்து ஈரம் காக்க வேண்டும். வேரைப் பிடுங்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு நாற்று நடலாம். ஆடியில் விதைத்தவர்களுக்கு ஐப்பசி மழைக்கு முன்பே மண் தயார்.

நார் வேண்டுமென்றால் நாலைந்து செடியை மட்டும் வெட்டாமல் விடுங்கள். மூன்று மாத அளவில் காய் பிடிக்கும்போது வெட்டி, இலை உதிர்த்து, தண்டை ஒரு வாரம் டிரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கொசு முட்டையிடாமல் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவது முக்கியம். நாற்றம் அடிக்கும், அதனால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டை கழன்று வந்ததும் உரித்து, அலசி, வெயிலில் காயவைத்துத் தொடையில் வைத்துத் திரியுங்கள்.

விதையில் நச்சு உண்டு. முற்றிய காயைக் குழந்தைகள், ஆடு, கோழி எட்டாத இடத்தில் வையுங்கள். இந்த வருடம் எங்கள் அவரைப் பந்தலைக் கட்டியிருப்பது அந்தக் கயிற்றில்தான்.