புது இன்-இயர் இயர்போனுக்குக் காதைப் பழக்குவது எப்படி

காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பேட்டி, கருத்தரங்கு, கூட்டம் என்று மற்றவர்கள் பதிவு செய்த ஒலியைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. தினமும் நாலைந்து மணி நேரம் காதில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். பல வருஷம் காதையே மூடுகிற பெரிய ஹெட்போனில்தான் ஓட்டினேன். வேர்வையும், மூக்குக்கண்ணாடியின் காம்பு காதோரம் அழுத்துகிற வலியும் தாங்காமல், காதுத் துளைக்குள்ளேயே செருகிக்கொள்ளும் இன்-இயருக்கு மாறினேன்.

முதல் ஜோடியை மூன்றாம் நாளே கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டேன். கேட்ட குரலெல்லாம் தகரத்தில் தட்டியது போலிருந்தது. இடது காது வலித்தது. நான் பேசினால் என் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல முழங்கியது. இரண்டு மாதம் கழித்து அதே ஜோடியை எடுத்து, நுனியில் இருக்கும் ரப்பர் டிப்பை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இன்று வரைக்கும் அதில்தான் வேலை செய்கிறேன்.

அந்த மூன்று தொந்தரவையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் தவறு. தகரச் சத்தம், டிப் பொருந்தாததால் வந்தது. குடத்துக் குரல், பொறுத்திருந்தால் பழகிவிடும். வலிக்கு மட்டும் பழகவே கூடாது. புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் டிப். பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று அளவில் சிலிக்கான் டிப் வைத்திருப்பார்கள். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். அப்படியே காதில் செருகிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறோம். டிப் காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைப்பதைத்தான் சீல் என்கிறோம். மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகிப் போவது பேஸ், அதாவது கனத்த அடி ஒலி. தபேலாவின் அடி ஒலியும் ஆண் குரலின் கனமும் போய்விட்டால் மிச்சம் இருப்பது கீச்சொலிதான். சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுவோம். கீச்சொலிதான் இன்னும் குத்தும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கனத்த குரலில் யாராவது பேசுகிற பதிவையோ, அடி ஒலி நிறைந்த பாட்டையோ ஓடவிடுங்கள். ஒரு விரலால் இயர்போனை மெதுவாக உள்பக்கம் அழுத்துங்கள். அழுத்திய நொடியில் குரல் திடீரென்று நிறைந்து வந்தால், அந்தக் காதில் சீல் இல்லை. அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள். பெரிய அளவுதான் நன்றாக அடைக்கும் என்றும் சொல்ல முடியாது. காதுக்கு மீறிய டிப் ஓரத்தில் மடங்கிக்கொண்டு, அந்த மடிப்பு வழியாகவே ஒழுகும். இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எனக்கு வலது காதில் நடு அளவு, இடதில் சின்ன அளவு. இடதிலும் நடு அளவையே போட்டதால்தான் முதலில் வலித்தது. இரண்டுக்கும் ஒரே அளவு போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அடுத்தது மாட்டுகிற விதம். காதுத் துளை நேரான குழாய் இல்லை. பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம், லேசாக வளைந்து வளைந்து போகும். வெளிப்பக்கம் குருத்தெலும்பு, உள்ளே போகப் போக எலும்பு, அதன் மேல் மிக மெல்லிய தோல். டிப் உட்கார வேண்டியது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான். உள்ளே இருக்கும் தோலைத் தொட்டால் உடனே உறைக்கும். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது காது மடலை மேலே, பின்பக்கமாக இழுப்பாரே, அது வளைவை நிமிர்த்தத்தான். நாமும் அதையே செய்யலாம். வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலின் மேல் நுனியைப் பிடித்து, மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். வலது கையால் இயர்போனைச் சற்றே திருகியபடி நுழையுங்கள். மடலை விட்டதும் டிப் தானாகவே இடத்தில் உட்காரும். முதல் நாள் இதற்கு நேரம் எடுக்கும். ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

பஞ்சு போல அமுங்குகிற ஃபோம் டிப் என்றால் இரண்டு விரல்களுக்கு நடுவில் மெல்லிய திரி போல உருட்டி, உடனே நுழைத்து, அது விரிந்து முடியும் வரை இருபது முப்பது விநாடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் விரியும்போதே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சிலிக்கான் உறுத்துகிறவர்களுக்கு ஃபோமைத்தான் சொல்வேன். காதின் வடிவத்துக்கு அதுவே வளைந்து கொடுக்கும்.

வேகமாக அழுத்தி மாட்டும்போது உள்ளே ‘சரக்’ என்று தாள் கசங்குவது போல ஒரு சத்தம் சில இயர்போன்களில் கேட்கும். உள்ளே அடைபட்ட காற்று, ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வைத் தள்ளுகிற சத்தம் அது. மெதுவாக மாட்டினால் வராது. கழற்றும்போதும் வெடுக்கென்று இழுக்காமல், லேசாகத் திருகி, ஓரத்தில் காற்றுப் போக விட்டு எடுங்கள். காதுக்குள் டிப் தொட்டதுமே சிலருக்கு இருமல் வரும். காதுத் துளைக்கு வரும் நரம்பின் கிளை ஒன்று தொண்டைக்கும் போகிற நரம்போடு சேர்ந்தது, அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது குடத்துக் குரலுக்கு வருகிறேன். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு முதலில் ‘ஆ’ என்று சொல்லுங்கள், பிறகு ‘ஈ’ என்று இழுங்கள். ‘ஈ’ மண்டைக்குள்ளேயே ரீங்கரிக்கும். நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. காது திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். நடக்கும்போது கேட்கும் ‘தொம் தொம்’ காலடி, எதையாவது மெல்லும்போது கேட்கும் அரைப்புச் சத்தம் எல்லாமே இதுதான். எனக்கு நாலாம் நாளில் காலடிச் சத்தம் மறந்துபோனது. என் குரல் பழகப் பத்து நாளுக்கு மேல் ஆனது. போனில் அதிகம் பேசுகிறவர்கள், பேசும்போது மட்டும் ஒரு காதைக் கழற்றிவிட்டால் போதும். வயர் உரசுகிற சத்தம் மட்டும் பழகாது, பழகவும் தேவையில்லை. வயரைக் காது மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேரத்தை நான் இப்படித்தான் கூட்டினேன். முதல் இரண்டு நாள், ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். பிறகு கழற்றிவிட்டுக் காதுக்குக் காற்றுப் பட விடுவேன். நாலாம் நாள் முக்கால் மணி. ஒரு வாரம் கழித்து ஒரு மணி நேரம். இன்றும் ஒரு மணிக்கு மேல் தொடர்ந்து போடுவதில்லை.

ஒலிக்கும் பழக வேண்டும். நூறு மணி நேரம் பாட்டை ஓடவிட்டு வைத்தால்தான் புது இயர்போன் ‘திறக்கும்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். மாறுவது பெரும்பாலும் நம் காதும் மூளையும்தான். வாய்ப்பாடாகத் தெரிந்த ஒரே பாட்டைத் தினமும் ஒரே வால்யூமில் கேளுங்கள். அடி ஒலி, கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை முதல் வாரத்தில் தொடாதீர்கள். நடுநடுவே பழைய ஹெட்போனுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். காது இரண்டு பக்கமும் இழுபடும். அதோடு, கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது போலத் தோன்றும், அது காதின் சுபாவம்.

வால்யூம் விஷயத்தில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. பழைய ஹெட்போனுக்கு வைத்திருந்த அளவை அப்படியே வைக்காதீர்கள். மாட்டுவதற்கு முன் நன்றாகக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள். சீல் நன்றாக இருந்தால் வெளியே இருக்கும் சத்தம் அவ்வளவாக உள்ளே வராது. குறைவான வால்யூமே போதும். அமைதியான அறையில் ஓர் அளவை வைத்துக்கொண்டு, வெளியே போனாலும் அதை மாற்றாமல் இருப்பது என் வழக்கம். சத்தத்தின் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து டெசிபல் வித்தியாசம், பத்தில் ஒரு பங்கு நேரம். கழற்றிய பின் காதில் ‘ஙொய்’ என்று கேட்டால் அன்றைக்கு வால்யூம் அதிகம் என்று அர்த்தம். சாலையில் நடக்கும்போது நான் இரண்டு காதிலும் மாட்டுவதே இல்லை.

வலி, விடாத அரிப்பு, கசிவு, கழற்றிய பின்னும் போகாத அடைப்பு. இவற்றில் எது வந்தாலும் இயர்போனை விட்டுவிட்டுக் காது டாக்டரைப் பாருங்கள். அழுக்குதான் காரணம் என்று நினைத்துக் காதுக்குள் பட்ஸ் விட வேண்டாம். அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். இரைச்சல் குறைக்கும் வசதியைப் போட்டதும் காது அடைத்தது போலிருந்தால் அந்த வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பலருக்கு அதுதான் சிக்கல்.

சுத்தம் செய்வது எளிது. தலை குளித்த ஈரத்தோடு மாட்டாதீர்கள். சிலிக்கான் டிப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். முனையில் இருக்கும் சல்லடையைக் காய்ந்த மெல்லிய பிரஷால் துடைக்கும்போது அது கீழ்நோக்கி இருக்கட்டும். துகள் உள்ளே விழாது. ஃபோமை உருட்டி விட்டதும் மெல்ல விரியாமல் படக்கென்று பழைய உருவத்துக்கு வந்தாலோ, விரியாமல் சுருங்கியே கிடந்தாலோ, மாற்றும் நேரம் வந்துவிட்டது.