அமைச்சர் ஒருவரின் பணிவாழ்வை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி: கக்கனை முன்வைத்து

கக்கனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்மில் பெரும்பாலோர் அவருடைய எளிமையில் தொடங்கி, மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் எம்.ஜி.ஆர். அவரைக் கண்ட செய்தியோடு முடித்துவிடுகிறோம். அது மறக்கத் தகாத செய்திதான். ஆனாலும் 1957 முதல் 1967 வரை சென்னை மாநிலத்தில் அமைச்சராக இருந்தவர் தம் துறைகளில் என்ன செய்தார் என்பதைத் தேடி எழுதினால்தான் அவருடைய உழைப்புக்கு உரிய மரியாதையைச் செய்தவர்களாவோம். எந்த மாநில அமைச்சரைப் பற்றி எழுதப் புகுவோருக்கும் இந்த வழி பொருந்தும்.

முதலில் தேர்தல் வரலாற்றையும் பதவி வரலாற்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் தேர்ந்தெடுத்த நாளும் ஆளுநர் முன்னிலையில் பதவியேற்ற நாளும் வேறு வேறானவை. அரசியலமைப்பின் 164ஆவது பிரிவின்படி, சட்டமன்றத்தில் உறுப்பினராக இல்லாதவர்கூட ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்க முடியும். கக்கன் 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்கும், 1957இல் மேலூரிலிருந்தும் 1962இல் சமயநல்லூரிலிருந்தும் சட்டமன்றத்துக்கும் சென்றார், 1967இல் தி.மு.க.வின் ஓ. பி. ராமனிடம் தோற்றார். தேர்தல் ஆணையத்தின் பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1952ஆம் ஆண்டின் மதுரை, இருவர் தேர்வாகும் இரட்டை உறுப்பினர் தொகுதி. அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு என்பதால், இன்றைய கணக்கில் வாக்கு வித்தியாசத்தைச் சொன்னால் தவறாகிவிடும். இத்தகைய தொகுதிகள் 1961இல்தான் நீக்கப்பட்டன.

அடுத்து, இலாகா ஒதுக்கீட்டை அரசிதழில் பாருங்கள். நினைவுக் கட்டுரைகள் பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். 1957 ஏப்ரலில் காமராஜர் அமைச்சரவையில் அவருக்குக் கிடைத்தது மின்சாரம் நீங்கலான பொதுப்பணியும் ஹரிஜன நலமும். 1962 மார்ச்சில் விவசாயம். 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறை. 'மின்சாரம் நீங்கலான' என்ற இரண்டு சொற்களைக் கவனிக்காமல் விட்டால், அவர் பொறுப்பில் இல்லாத மின்திட்டங்களையும் அவர் கணக்கில் எழுதிவிடுவோம். கோப்புப் பட்டியல்களில் தேடும்போது அக்காலத் துறைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை என்ற பெயரில் அவை கிடைக்கமாட்டா.

ஒரு திட்டத்துக்கு யார் காரணம் என்று எழுதும் இடத்தில்தான் பொறுமை மிகவும் வேண்டும். வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை கக்கனிடம் இருந்தது. கட்டுமானமோ அவர் அமைச்சராகும் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே 'வைகை அணையைக் கட்டியவர்' என்று எழுதாமல், ஒப்புதல் அளித்த அரசாணை, ஆண்டுதோறும் நிதி ஒதுக்கிய வரவு செலவுத் திட்டம், திறப்பு விழா நாள் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்து, அவர் காலத்தில் நடந்த பகுதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். உண்மையான பங்கு அளவில் சிறியதாகத் தெரிந்தாலும், அதை யாரும் மறுக்க முடியாது.

அமைச்சரின் குரலைக் கேட்கச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளே சிறந்த இடம். குறிப்பாக, துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்களைப் படியுங்கள். எதிர்க்கட்சியினர் அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து துறையின் குறைகளை அடுக்குவார்கள், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே தீரவேண்டும். 1957இல் அண்ணாவும் கலைஞரும் உட்பட 15 தி.மு.க.வினர் பேரவைக்குள் வந்ததால் அந்த ஆண்டுகளின் விவாதங்கள் கூர்மையானவை. அமைச்சரின் பதிலை மட்டும் எடுக்காமல் கேள்வியையும் சேர்த்தே எடுத்தெழுதுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் முன் அனுமதி பெற்றுப் பழைய அரசாணைகளைப் பார்க்கலாம். அக்கால நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகம் அருகிலேயே இருக்கிறது.

விரும்பும் மனிதரைப் பற்றி எழுதும்போது கசப்பான பக்கத்தைத் தாண்டிச் செல்ல மனம் தூண்டும். 1964இல் லஞ்ச ஒழிப்பு, கண்காணிப்பு இயக்குநரகம் தொடங்கப்பட்டது அவருடைய உள்துறைக் காலத்தில் என்று மகிழ்ந்து எழுதுகிறவர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளும் அதே காலத்தில்தான் என்பதை அதே அத்தியாயத்தில் எழுத வேண்டும். அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பதால் முதலமைச்சரின் முடிவு எது, உள்துறை அமைச்சரின் முடிவு எது என்பதைக் கோப்புகள் காட்டும் அளவுக்கு மட்டுமே பிரித்துச் சொல்லுங்கள். தாழ்த்தப்பட்டோருக்குத் தடை இருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய நுழைவில் உள்ளே சென்றவர்களில் கக்கனும் ஒருவர். இதையெல்லாம் கடந்து வந்த ஒருவரின் வாழ்க்கை இந்தக் கடினமான பக்கத்தையும் தாங்கும்.

இன்றைய அமைச்சர்களைப் பற்றி எழுதுவோருக்கு வசதிகள் அதிகம். வேட்புமனுவோடு இணைத்த சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத் தளத்தில் உள்ளன. துறைதோறும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளும் வெளியாகின்றன. கிடைக்காத அரசாணைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். 'ஏன் இப்படிச் செய்தார்கள்' என்று விளக்கம் கேட்டால் தட்டிக்கழிக்க இடமுண்டு. அரசாணையின் எண், நாள், துறை ஆகியவற்றைக் குறித்து நகலைக் கேளுங்கள்.