சிறு இசை அமைப்புக்கு அரசு மானியம் பெறுவது எப்படி

குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ இசை கற்றுத்தரும் சிறு அமைப்புகள், அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்ததும் முதலில் உட்கார்ந்து எழுதுவது அமைப்பின் வரலாற்றையும் இசையின் மேன்மையையும்தான். செலவுக் கணக்கு கடைசி இரவில் அவசரமாகச் சேர்க்கப்படுகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. என்ன செய்யப் போகிறோம், யார் செய்வார்கள், எத்தனை மணி நேரம் ஆகும், எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்காக எழுதிப் பார்த்த பிறகுதான், விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளில் எழுத வேண்டியது என்ன என்பதே தெளிவாகும்.

அதற்கு முன் தகுதியைச் சரிபார்த்துவிடுங்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ முறையாகப் பதிவு செய்திருப்பது, அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருப்பது, கூடிப் பேசித் தீர்மானம் நிறைவேற்றும் நிர்வாகக் குழு இருப்பது, முந்தைய ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் கையில் இருப்பது ஆகியவற்றை ஏறக்குறைய எல்லா அரசு நிதி அமைப்புகளும் எதிர்பார்க்கின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விண்ணப்பம் மதிப்பீட்டாளரின் மேசைக்குப் போகாமலேயே தள்ளுபடியாகலாம். பதிவு இன்னும் முடியாத குழுக்கள், பதிவு பெற்ற வேறோர் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க இடமுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்; பல திட்டங்களில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் பணத்துக்கும் அறிக்கைக்கும் யார் பொறுப்பு என்பதை இரு தரப்பும் முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

திட்டத்தின் வழிகாட்டுக் குறிப்புகளைப் படிக்கும்போது, நிதியின் நோக்கத்தைச் சொல்லும் பத்தியையும், அனுமதிக்கப்படாத செலவுகளைச் சொல்லும் பகுதியையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கலை வளர்ச்சிக்கான நிதி, இளைஞர் நலனுக்கான நிதி, முதியோரின் தனிமையைக் குறைப்பதற்கான நிதி என ஒவ்வொன்றும் வெவ்வேறு விளைவைத் தேடுகிறது. ஒரே சேர்ந்திசைக் குழு இம்மூன்றுக்கும் தகுதி பெறக்கூடும் என்பதால், கலைத்துறையின் கதவை மட்டுமே தட்ட வேண்டும் என்பதில்லை. ஆயினும் உங்கள் வேலையின் இயல்புக்கு ஒவ்வாத நோக்கத்துக்காக வகுப்புகளை வளைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பெற்ற மானியம், ஆசிரியர்களையும் மாணவர்களையும் அவர்கள் விரும்பி வராத ஒரு வேலையில் ஓராண்டு முழுதும் கட்டிப்போட்டுவிடும். ஐயம் எழுந்தால் அத்திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலரிடம் கெடுவுக்குப் பல வாரங்கள் முன்பே கேளுங்கள். விண்ணப்பதாரர்களின் கேள்விகளுக்கு விடை சொல்வது அவர்கள் பணியின் ஒரு பகுதி.

இனிக் கணக்குக்கு வருவோம். 20 குழந்தைகளுக்கான வயலின் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 2 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 30 வாரங்கள் என்றால் 90 மணி நேரம். பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து, கருவிகளைச் சுருதி சேர்க்கவும், பெற்றோரிடம் பேசவும் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். அது 30 மணி நேரம். நிறைவு நிகழ்ச்சிக்கான ஒத்திகைகளுக்கு 12 மணி நேரமும் நிகழ்ச்சி நாளுக்கு 6 மணி நேரமும் சேர்த்தால் 138 மணி நேரம் ஆகிறது. 90 மணி நேரத்துக்குப் பணம் பெற்று 138 மணி நேரம் வேலை வாங்கினால், இடைவெளியைச் சுமப்பவர் ஆசிரியர்தான். கருவிகளும் அப்படியே: குழந்தைகள் வளர வளர அரை அளவு வயலினிலிருந்து முக்கால் அளவுக்கு மாற வேண்டியிருக்கும், தந்தி அறும், வில்லின் முடி தேயும், தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும். இவற்றோடு வகுப்பறை வாடகை, காப்பீடு, குழந்தைகளுடன் பணிபுரிவோருக்கான பின்னணிச் சரிபார்ப்பு, பதிப்புரிமை உள்ள பாடல்களை மேடையில் இசைப்பதற்கான உரிமக் கட்டணம், தணிக்கையாளர் கட்டணம் ஆகியவற்றையும் தனித்தனி வரிகளாகக் காட்டுங்கள். நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு அனுமதி என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். அனுமதி இருந்தும் அதைக் கேட்காமல் விடுவது சிக்கனம் ஆகாது. கணக்கெழுதும் வேலையும் வேலைதான்.

பெரும்பாலான அரசு மானியங்கள் முழுச் செலவையும் ஏற்பதில்லை. அமெரிக்க அரசின் கலை நிதி அமைப்பான நேஷனல் எண்டோவ்மென்ட் ஃபார் தி ஆர்ட்ஸ், திட்ட மானியங்களுக்கு, தான் தரும் தொகைக்குச் சமமான தொகையை அந்நாட்டுக் கூட்டரசு சாராத வழிகளிலிருந்து அமைப்பு திரட்டிக் காட்ட வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் கலைகளுக்குப் பொது நிதி வழங்கும் அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து தன் திட்ட மானியங்களில், பொதுவாக மொத்தச் செலவில் குறைந்தது 10 விழுக்காடு வேறிடங்களிலிருந்து வர வேண்டும் என எதிர்பார்க்கிறது. உங்களுக்குரிய விகிதத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு கேட்கலாம் என்பது முடிவாகும். கட்டணமின்றிக் கிடைக்கும் அரங்கு, தன்னார்வலரின் உழைப்பு, இரவலாக வந்த கருவிகள் போன்றவற்றையும் இந்தப் பங்கில் சேர்க்கப் பல திட்டங்கள் இடமளிக்கின்றன. அவற்றின் மதிப்பைச் சந்தை விலைக்கு மேல் போடாமல், கொடுத்தவரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ஒரே பங்களிப்பை இரண்டு மானியங்களுக்குக் கணக்குக் காட்டுவது விதிமீறலாகும்.

பணம் எப்போது வரும் என்பதைச் சிறு அமைப்புகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. சில திட்டங்கள் தவணைகளாகத் தரும். சில, செலவு செய்து ரசீது காட்டிய பிறகே திருப்பித் தரும். இரண்டாவது வகையில், மானியம் உறுதியான பின்னும் பல மாதச் சம்பளத்தைச் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். மாதவாரியாக வரவையும் செலவையும் எழுதி, எந்த மாதத்தில் கையிருப்பு வற்றும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தாங்காது என்று தெரிந்தால், சிறிய தொகையைக் கேட்பதே ஆசிரியர்களுக்குச் செய்யும் நியாயம்.

கணக்கு முடிந்ததும் விளக்கப் பகுதியை எழுதுங்கள். இசை மனத்தைப் பண்படுத்தும் என்ற பொது உண்மையை மதிப்பீட்டாளர் நூறு விண்ணப்பங்களில் படித்திருப்பார். உங்கள் பகுதியில் இசை கற்க வழியில்லாதவர்கள் யார், அவர்களைத் தடுப்பது கட்டணமா தூரமா கருவியின்மையா, உங்கள் வகுப்பு அந்தத் தடையை எப்படி நீக்குகிறது என்பதைச் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு இங்கே பெரிதும் உதவும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, பத்தாவது வாரத்தில் எத்தனை பேர் எஞ்சினார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று காட்டும் பதிவேடு, எந்தப் பாராட்டுக் கடிதத்தையும்விட நம்பகமானது. விளைவுகளை எழுதும்போது அளக்கக்கூடியதை மட்டும் வாக்களியுங்கள்: இத்தனை மாணவர்கள் இத்தனை உருப்படிகளைப் பொது நிகழ்ச்சியில் வாசிப்பார்கள் என்பது போதும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மதிப்பீட்டாளரின் குறிப்புகள் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். மறுப்புக்குக் காரணம் தரக்குறைவா அல்லது நிதி போதாமையா என்று அறிந்துகொள்வது, அதே திட்டத்தை மீண்டும் அனுப்பலாமா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும்.

மானியம் கிடைத்தால், முதல் செலவுக்கு முன்பே அதற்கெனத் தனிப் பேரேடு ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு பில்லின் மேலும் எந்தத் தலைப்புக்கான செலவு என்று குறித்துக் கோப்பில் வையுங்கள். ஒரு தலைப்பில் மிஞ்சியதை மற்றொன்றுக்கு மாற்றவோ காலக்கெடுவை நீட்டவோ வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். பின்னர் விளக்கம் சொல்வதை ஏற்கமாட்டார்கள், செலவிட்ட தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. மானியத்தை உரிய நோக்கத்துக்கே செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் நிறைவு அறிக்கையும் போய்ச் சேரும் வரை இறுதித் தவணையை நிறுத்திவைக்கும் திட்டங்கள் பல. அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கான கெடு பெரும்பாலும் இந்த அறிக்கை தயாராகும் முன்பே வந்துவிடுவதால், ஆண்டின் நடுவிலேயே வருகை, செலவு, நிகழ்ச்சி ஆகிய மூன்றின் புள்ளிவிவரங்களையும் ஒருமுறை தொகுத்து, நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள்.