மாண்டரின் வராதவருக்கு வேர் இல்லையா?

சிங்கப்பூரில் சீனக் குலமரபுச் சங்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: இளையர்கள் வருவதில்லை, வந்தாலும் மாண்டரின் (சீனர்களின் பொதுமொழி) தடுமாறுகிறது, வேரையே மறந்துவிட்டார்கள். பெரிய தவறே இங்கேதான். இந்தச் சங்கங்கள் மாண்டரினை வளர்க்கத் தோன்றியவை அல்ல. கப்பலில் வந்து இறங்கிய கூலிக்குப் படுக்க இடம், ஒரு வேலை, செத்தால் எடுத்துப் போட நாலு பேர், இதையெல்லாம் ஊர்க்காரன், ஒரே குடும்பப் பெயர்க்காரன், நம்ம பேச்சுப் பேசுகிறவன் என்ற உறவில் பார்த்துக்கொள்ளத் தோன்றியவை. பேச்சு என்றால் ஹொக்கியன், தியோச்சூ, ஹக்கா, கான்டனீஸ் இப்படிச் சீன வட்டாரப் பேச்சுகள். 1979இல் அரசு மாண்டரின் பேசச் சொல்லி இயக்கம் தொடங்கியது, அப்புறம் வானொலி, தொலைக்காட்சியிலும் அந்தப் பேச்சுகள் அடங்கிப்போயின. பாட்டி பேசியதைப் பேரன் காதில் விழாமல் செய்துவிட்டு அவனிடம் வேர் எங்கே என்று கேட்டால் எப்படி?

பெயரையே பாருங்கள். அடையாள அட்டையில் ஒருத்தி டான், இன்னொருத்தி சான். சீன எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், மாண்டரினில் சென். டான் என்றால் பெரும்பாலும் ஹொக்கியன் அல்லது தியோச்சூ, சான் என்றால் கான்டனீஸ். ஒரு சீன எழுத்துகூடத் தெரியாதவளும் தாத்தா பேசிய பேச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறாள்.

அடுத்த தவறு, சங்கத்தில் இளையர் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கிவிட்டு அவர்களைச் சிங்க நடனத்துக்கும் விருந்தில் நாற்காலி அடுக்கவும் மட்டும் கூப்பிடுவது. கணக்கும் முடிவும் எழுபது வயதுக்காரர்கள் கையிலேயே இருந்தால் கல்வி உதவித்தொகை வாங்க வந்த பிள்ளை படம் எடுத்துக்கொண்டு போய்விடும், திரும்ப வராது.

சீனர் என்றால் சீன நாட்டுப் பக்கம் என்று நினைப்பதும் தவறு. சீனாவிலிருந்து அண்மையில் குடியேறியவர்களே இங்கே தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில், ஜகார்த்தாவின் சீன இளைஞரை மாண்டரின் என்ற அளவுகோலால் அளக்கவே வேண்டாம்: அங்கே அதிபர் சுஹார்த்தோ காலத்தில் சீனப் பண்டிகையைப் பொதுவில் கொண்டாடவே தடை, 2000இல்தான் நீங்கியது.

இளையர் பக்கமும் தவறு உண்டு. சங்கத்தை, கிழவர்கள் மாஜோங் (சீனக் கட்டை விளையாட்டு) ஆடும் கிளப் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் சிங்கப்பூரின் பழைய நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்த நிலம் ஹொக்கியன் சங்கம் கொடுத்தது. அந்தச் சங்கம் பிறந்த இடமான தியான் ஹொக் கெங் கோயில் தெலுக் ஆயர் தெருவில் இன்றும் இருக்கிறது.

சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டில் தன்னார்வலர்கள் ஆங்கிலத்திலேயே சுற்றிக் காட்டுகிறார்கள். கல்லறைக் கல்லில் பெயரோடு சொந்த ஊரும் செதுக்கியிருக்கும். படிக்கத் தெரியாத பேரன் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பி, இது எந்த ஊர் என்று கேட்கிறான். பெரியப்பா அந்நேரம் சங்கத்தில் உட்கார்ந்து, இளையர்கள் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.