தோடர் பூவேலை: இழை எண்ணித் தைப்பது எப்படி?

நீலகிரியில் எருமை வளர்த்து வாழும் தோடர்கள் போர்த்துகிற பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வை கையில் கிடைத்தால், நான் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். ஏனென்றால் தோடப் பெண்கள் தைப்பதே பின்பக்கத்தில்தான். பென்சில் கோடு கிடையாது, வளையத்தில் துணியை மாட்டுவதும் கிடையாது. விரலால் துணியை இழுத்துப் பிடித்து, இழையை எண்ணி எண்ணியே எருமைக் கொம்பு வடிவத்தைக்கூடக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

பழக நினைப்பவர்கள் துணியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கொஞ்சம் முரடான வெள்ளைக் கைத்தறிப் பருத்தி வேண்டும். பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே பருமனாக, கண்ணால் எண்ண முடிகிற மாதிரி இருக்கணும். பாப்ளின் சரிவராது. சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலும் முனை மழுங்கிய ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும், கணக்கு போச்சு. சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலே வேண்டாம்.

முதலில் ஒரு நெளிகோடு. பின்பக்கம் உங்களைப் பார்க்கட்டும். ஊடை இழைக்கு இணையாக ஊசியை ஓட்டுங்கள்: மூன்று பாவு இழைக்கு மேலே, மூன்று இழைக்குக் கீழே. வரிசை முடிந்ததும் ஒரு ஊடை இழை தள்ளி அடுத்த வரிசை. அதில் ஒவ்வொரு தையலும் ஒரு பாவு இழை நகர்ந்து விழணும். இப்படி ஆறு வரிசை போனால் சாய்ந்த கோடுகள் தெரியும். ஏழாவதிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள், கோடு மடங்கி நெளிநெளியாக வரும். ஒரு இழை தப்பினாலும் அடுத்த வரிசையே காட்டிக்கொடுக்கும். அங்கேயே பிரித்துவிடுங்கள், மேலே போய்ச் சமாளிக்க முடியாது.

வரிசை திரும்பும் இடத்தில் நூலை இறுக்கவே கூடாது. பொடி வளையமாகத் தளர்த்தி விடுங்கள். இறுக்கினால் துணி சுருங்கிவிடும். தளர்த்தினால் நூல் உப்பி நின்று, நெய்ததா தைத்ததா என்று தெரியாதபடி புடைப்பாக இருக்கும். பூத்துக்குளியின் அழகே அதுதான்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் நாம் வீட்டில் தைத்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. உண்மையான பூத்துக்குளி வேண்டுமென்றால், தைத்த பெண்களிடமே பேரம் பேசாமல் வாங்குங்கள்.

துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், மிதமான சோப்பு. முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துப் போடுங்கள்.