மலைச்சரிவில் பார்வையாளர் மையம்: எங்கே, எப்படிக் கட்டுவது?

பள்ளத்தாக்கு எந்த இடத்திலிருந்து முழுசாகத் தெரிகிறதோ, அங்கே கட்டடம் வைக்காதீர்கள். பெரும்பாலான திட்டங்கள் கெடுவது இங்கேதான். வண்டியை விட்டு இறங்கியவர் கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எதிர் மலையிலிருந்து பார்ப்பவருக்கோ காட்சியின் நடுவே கட்டடம்தான் துருத்தும்.

வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் 2012-ல் திறந்த மையம் நல்ல பாடம். புகழ்பெற்ற பசால்ட் (எரிமலைப் பாறை) தூண்கள் கடலோரத்தில் இருக்க, ஹெனகன் பெங் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டடத்தைச் சுமார் 1 கி.மீ. தள்ளி, மேட்டு நிலத்தில் பாதி புதைத்தாற்போல் வைத்தது. கூரையில் புல், சுவரில் அந்தப் பகுதியின் பசால்ட் கல். தூண்களை நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ கட்டடத்தை இப்படித் தள்ளி வைப்பதைப் பின்பற்றலாம். ஆனால் மண்ணில் புதைப்பதை அப்படியே எடுக்க வேண்டாம். நம் மழை வேறு.

முதலில் அரை மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகச் சம உயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட சர்வே எடுங்கள். ஊற்று, ஓடை, சோலையின் விளிம்பு, காட்டுமாடு நடக்கும் தடம் எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். கோடையில் மட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஊற்று கண்ணில் படாது. நீலகிரியின் மேற்குச் சரிவுக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. உங்கள் சரிவுக்கு உரிய மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போங்கள். மண் பரிசோதனையும் மலைப்பகுதிக் கட்டட அனுமதியும் வரைபடத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை.

பரப்பளவை உச்ச நேரக் கூட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள். விடுமுறை நாளில் 2,000 பேர், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே மணி நேரத்தில் என்றால் 400 பேர். ஒருவர் 45 நிமிடம் தங்கினால் ஒரே சமயத்தில் 300 பேர் இருப்பார்கள். ஆளுக்கு 2 சதுர மீட்டர் வீதம் 600. இதில் பாதியைக் கூரை போட்ட திறந்த திண்ணையாக வைத்தால் செலவும் குறையும், மூச்சும் முட்டாது. பெண்கள் கழிப்பறையை ஆண்களுடையதைப்போல் இரு மடங்காவது வையுங்கள். இரண்டு பேருந்துகள் சேர்ந்து வந்தால் இதன் அருமை தெரியும்.

இனி தண்ணீர். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படி ஒரு மழையில் 600 சதுர மீட்டர் கூரை மட்டும் 4,80,000 லிட்டரைக் கொட்டும். அது வாசலிலோ அடித்தளத்தின் ஓரத்திலோ விழக் கூடாது. கட்டடத்தின் மேல்புறம் பிறைபோல் வளைந்த கல் வாய்க்கால் வெட்டி, வரும் நீரை இருபுறமும் திருப்புங்கள். அது விழும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்பாவிட்டால் அங்கேயே அரிப்பு தொடங்கும். தடுப்புச் சுவர் விழுவதற்கு மண்ணின் எடையைவிடப் பின்னால் தேங்கும் நீரே பெரும்பாலும் காரணம். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகல ஜல்லி, மண் புகாமல் வடிதுணி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகுழாய்த் துளை அவசியம். துணியை விட்டுவிட்டால் சில மழைக்காலங்களில் துளைகள் அடைபடும். மேட்டை வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டிச் சமதளமாக்கி அதன்மேல் கட்டுவது மிக மோசம். பாதி கெட்டி நிலத்திலும் பாதி நிரப்பிலும் நிற்கும் கட்டடம் நடுவே விரிசல் விடும். சரிவை வெட்டாமல் தூண்கள்மேல் தளத்தை உயர்த்துவதே மேல்.

கழிவுநீர் உறிஞ்சுகுழி செங்குத்துச் சரிவில் வேண்டாம். ஊறிய நீர் கீழே எங்கோ வெளிவந்து மண்ணை இளக்கிவிடும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். 75 செ.மீ. ஏறியதும் ஒன்றரை மீட்டர் சமதளம். 3 மீட்டர் உயரம் ஏற இடைத்தளங்களோடு சேர்த்து 40 மீட்டருக்கு மேல் நீளம் பிடிக்கும். கடைசியில் ஒட்ட வைக்க இடம் இருக்காது, முதல் வரைபடத்திலேயே பாதையாக வரைந்துவிடுங்கள்.

பெரிய கண்ணாடியில் பறவைகள் மோதும், 5 செ.மீ. இடைவெளியில் வெளிப்புறம் புள்ளிகள் பதியுங்கள். விளக்குகள் கீழ்நோக்கியும் மஞ்சள் நிறத்திலும் இருக்கட்டும். குப்பைத்தொட்டிக்குத் தாழ்ப்பாளும், சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலையும் திறப்பு நாளுக்கு முன்பே போட்டாக வேண்டும். குரங்குகள் தீனி கிடைக்கும் இடத்தை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எந்த வலையும் தாமதம்தான்.